எருக்கலையில் இருந்த ஆட்கள்

2021 சிறுபோகத்தில், அதாவது வருட நடுவில் வரும் வெயில் போகத்தில், எங்கள் பயற்றம் பந்தலுக்கு அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி (அசுவினி) வந்தபோது கடையில் மருந்து இல்லை. அந்த வருடம் மே மாதம் இலங்கையில் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் இறக்குமதித் தடை வந்தது யாருக்கும் மறந்திருக்காது. மேசைக்கு அடியில் வைத்து விற்றவர்கள் இருந்தார்கள்தான். அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க என்னிடம் காசு இல்லை.

எங்களுக்கு முத்தையன்கட்டு வலதுகரையில் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் வாய்க்கால் பாயும் இரண்டு ஏக்கர் வயலும் உண்டு. மேட்டுக்காணியில் பயற்றை, கத்தரி, மிளகாய் வைப்போம். 2010இல் மீள்குடியேறி வந்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருமுறை மருந்தடித்துத்தான் மரக்கறி செய்து பழக்கம். பூச்சி தெரிந்தால் அடிப்போம். தெரியாவிட்டால், வரப்போகிறதென்று அடிப்போம். மருந்தடிக்கும் மெசினைத் தோளில் மாட்டாத கிழமை ஏதோ வேலையை மறந்துவிட்டது போல இருக்கும்.

அழுக்கணவன் வந்து மூன்றாம் நாள் பயற்றை நுனியெல்லாம் கறுப்பு எள்ளைத் தூவியது போல ஆகிவிட்டது. குருத்து சுருண்டு, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதற்குள்ளே இன்னொரு உருப்படியும் ஊர்ந்து திரிந்தது. நெல்மணி அளவு. கறுத்தச் சாம்பல் நிறம், முதுகில் வெளிர் திட்டுகள், முன்பக்கம் ஆறு கால், பின்னால் கூர்ந்து போகும் உடம்பு. முதலைக் குட்டியைச் சுருக்கிச் செய்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு பூச்சி போதாதென்று புதிதாய் ஒரு புழுவும் வந்துவிட்டதே என்று நானும் இவரும் இரண்டு நாள் விடியவிடிய நின்று அந்தப் புழுக்களை விரலால் நசுக்கினோம். அழுக்கணவனை நசுக்கி முடியாது, புழுவையாவது முடிப்போம் என்ற எண்ணம்.

கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலம். மகள் வீட்டில் சும்மா இருந்தாள். அவள்தான் ஒரு புழுவை ஜாம் போத்தலில் போட்டு, சீலைத்துணியால் வாயைக் கட்டி வைத்தாள். காலையில் அழுக்கணவன் மொய்த்த ஒரு குருத்தை உள்ளே போட்டாள். பின்னேரம் பார்த்தால் குருத்து துடைத்துவிட்டது போல இருந்தது. அடுத்த நாள் எண்ணியே போட்டாள், முப்பது. அதுவும் பொழுதுபடமுன் முடிந்தது. நாலாம் நாள் அந்தப் புழு போத்தல் சுவரில் வாலை ஒட்டிக்கொண்டு கூனிக் குறுகி அசையாமல் இருந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். போத்தலைத் தட்டியபோது வெடுக்கென்று நிமிர்ந்து மறுபடி குனிந்தது. இன்னும் நாலு நாள் போக, தோலைப் பிளந்துகொண்டு ஒரு வண்டு வெளியே வந்தது. புள்ளியோ கோடோ இல்லாமல், முட்டைக்கரு போல ஒரே மஞ்சள். மத்தியானம் சோறு போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், முதுகில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு ஓடியிருக்கிறது. பொறிவண்டு! சின்ன வயதில் உள்ளங்கையில் விட்டு விளையாடிய அதே பொறிவண்டு.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. “அம்மா, நீங்கள் நசுக்கினது எல்லாம் இதின்ரை குட்டியள்” என்று மகள் சொன்னாள். நாற்பது வருடமாய்த் தோட்டத்துக்குள் நிற்கிறேன், வண்டைத் தெரியும், அதன் புழுவைத் தெரியாது. நன்மை செய்யும் பூச்சி வளர்க்கப்போகிறேன் என்று யாராவது என்னிடம் கேட்டு வந்தால் முதலில் ஜாம் போத்தலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். தெரியாத உருப்படி எதையும் நசுக்குவதற்கு முன் நாலு நாள் போத்தலில் வையுங்கள். பயிரின் இலையைத் தின்றால் அது எதிரி, பூச்சியைத் தின்றால் நம்முடைய ஆள்.

இருந்த புழுக்களை நாங்களே கொன்றாயிற்று, இனி என்ன செய்வது? ஆட்டுக்குக் குழை ஒடிக்க ஒழுங்கைக்குப் போனபோதுதான் எருக்கலையைக் கவனித்தேன். வன்னியில் எருக்கலை இல்லாத ஒழுங்கை ஏது? இலையின் அடிப்பக்கம் மஞ்சள் நிறத்தில், கறுப்புக் காலோடு ஒரு வகை அழுக்கணவன் அப்பிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே நம் முதலைக் குட்டிகள், பெரிதும் சிறிதுமாய். ஒரு பற்றையில் மட்டும் இருபதுக்கு மேல். எருக்கலையில் இருக்கும் அந்த மஞ்சள் அழுக்கணவன் பாலுள்ள அந்தச் செடி வகைகளோடு நிற்பது, பயற்றைக்கு வந்து குடியேறாது. ஆனால் அதைத் தின்று வளர்ந்த பொறிவண்டுப் புழு பயற்றையில் இருக்கும் கறுப்பு அழுக்கணவனையும் தின்னும்.

முதல் முறை அவசரப்பட்டேன். பறக்கும் வண்டுகளைப் பிடித்துப் பொலித்தீன் பையில் போட்டு, நல்ல வெயிலில் கொண்டுவந்து பந்தலில் விட்டேன். பொழுதுபடும்போது ஒன்றுகூட இல்லை. இறக்கை உள்ளது பறக்கத்தானே செய்யும். இரண்டாம் முறை புழுக்களை மட்டும் எடுத்தேன். விடியக் காலையில் புழு உள்ள இலையை இலையோடே ஒடித்து, பனையோலைப் பெட்டியில் பரப்பி நிழலில் வைத்தேன். பின்னேரம் வெயில் தணிந்தபின் பந்தலுக்கு முப்பது புழு என்ற கணக்கில், அழுக்கணவன் மொய்த்த குருத்துக்குப் பக்கத்தில் அந்த இலைகளைச் செருகிவிட்டேன். இலை வாடினால் புழு தானாக இறங்கிச் சாப்பாடு தேடிப் போகும். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பெரிய கரைச்சல், பார்வைக்கே ஆபத்து. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒடியுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள்.

அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. புழுக்களைக் கறுப்பு எறும்பு விரட்டிக்கொண்டிருந்தது. அழுக்கணவன் கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது போல மேய்க்கும், கிட்ட வருகிறவனைக் கடிக்கும். பந்தல் கால் ஒவ்வொன்றிலும் பழைய சீலைத்துண்டைக் கட்டி கிறீஸ் பூசினேன். நிலத்தில் முட்டிக்கொண்டு நின்ற கொடிகளை வெட்டித் தூக்கிக் கட்டினேன், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தால் ஏறிவிடும். எறும்பு வரத்து நின்ற பிறகுதான் புழுக்கள் தைரியமாய் வேலை செய்தன.

ஐந்தாம் நாள் மாமி பந்தலடியில் நின்று, “என்ன பிள்ளை, ஊருக்கே விருந்து வைக்கிறியோ?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் குருத்துகளில் கறுப்பு குறைந்து, வெள்ளைத் தோல் மட்டும் ஒட்டியிருந்தது. முதல் இரண்டு பிடுங்கல் போய்விட்டது, காய் கோணலாய் வந்தது, அதை ஆட்டுக்குப் போட்டேன். மூன்றாம் பிடுங்கலில் இருந்து சந்தைக்குப் போனது.

இந்த ஒன்பது நாள்தான் விஷயமே. தீமை செய்யும் பூச்சி முதலில் வரும், அதைத் தின்னும் பூச்சி சாப்பாடு பெருகிய பிறகுதான் வரும், முட்டை இடும், முட்டை பொரிக்கும். நாங்கள் அந்த இடைவெளியில்தான் எப்போதும் மெசினைத் தூக்கியிருக்கிறோம். மருந்து இரண்டையும் கொல்லும். மிச்சம் இருக்கும் அழுக்கணவன் ஆண் துணையில்லாமலே குட்டி போட்டு ஒரு கிழமையில் மறுபடி பெருகிவிடும். பொறிவண்டுக்கு மூன்று கிழமை வேண்டும். அப்படியே அடித்து அடித்து நம் ஆட்களை நாமே தீர்த்துவிட்டு, பூச்சி கூடிவிட்டதென்று கடைக்காரரிடம் முறையிட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு கண் திறந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். மிளகாய் இலையின் கீழே தலைமயிர் போன்ற காம்பில் ஒரு சின்ன வெள்ளை மணி நிற்கும், ஐந்தாறு பக்கத்தில் பக்கத்தில். பூஞ்சணம் என்று நினைத்து இலையைக் கிள்ளி எறிந்திருக்கிறேன். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. பொரித்து வரும் புழுவுக்கு முன்னால் இரண்டு வளைந்த கொடுக்கு இருக்கும், பிடித்ததைக் குத்தி உறிஞ்சிவிடும், தன் சகோதரத்தையும் விடாது. முட்டை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் இருப்பது அதனால்தான் என்கிறார்கள். இன்னொன்று, அழுக்கணவன் கூட்டத்துக்குள் சில மட்டும் ஊதி, வைக்கோல் நிறத்தில், அசையாமல் இருக்கும். அதை நகத்தால் சுரண்டி எறியாதீர்கள். உள்ளே ஒரு குளவிக் குஞ்சு இருக்கிறது. கண்ணுக்குச் சரியாய்த் தெரியாத அளவுக் குளவி. அது முதுகில் வட்டமாய் ஓட்டை வெட்டிக்கொண்டு வெளியே வரும். மகளின் பூதக்கண்ணாடியில் அந்த ஓட்டையைப் பார்த்தேன், கத்தரிக்கோலால் வெட்டியது போல அவ்வளவு வட்டம்.

ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் வண்டும் பார்வைக்குப் பொறிவண்டு போலவே இருக்கும். அதே குடும்பம், ஆனால் இலை தின்னி. பொறிவண்டின் முதுகு மெழுகு பூசியது போல மினுங்கும். இதன் முதுகு மங்கலாய், மெல்லிய மயிரோடு, நிறையப் புள்ளியோடு இருக்கும். புழுவோ மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் முள். அதைத் தாராளமாய் நசுக்கலாம். பொறிவண்டு எல்லாம் நல்லது என்று அறிவு வந்த புதிதில் நான் ஒரு கிழமை இதையும் விட்டுவைத்து இரண்டு பாத்திக் கத்தரியை இழந்தேன்.

வயல் கதை வேறு. அந்த 2021 காலபோகத்தில், அதாவது மழைக்கு விதைக்கும் பெரிய போகத்தில், எங்கள் விளைச்சல் பாதிக்குக் கிட்ட விழுந்தது. அதைப் பூச்சி செய்யவில்லை, யூரியா இல்லாதது செய்தது. இயற்கை விவசாயம் வென்றது என்று யாராவது அந்த வருடத்தைக் காட்டினால் எனக்குக் கோபம் வரும். ஒரே இரவில் பிடுங்கிவிட்டு நடக்கச் சொன்னால் யாரும் விழத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்றைக் கண்டேன். மருந்து படாத வயலில் சிலந்தி நிறைந்திருந்தது. காலையில் வரம்பால் நடந்தால் பனியில் நனைந்த வலை ஒவ்வொரு பயிருக்கும் இடையில். சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமில்லை என்று மகள் திருத்துவாள். சரி, நம்முடைய ஆள் என்றால் போதும்.

அடுத்த காலபோகத்துக்கு மருந்து திரும்ப வந்துவிட்டது. விதைத்து மூன்றாம் கிழமையில் மடிச்சுக்கட்டிப் புழு நெல் இலையைச் சுருட்டத் தொடங்கியதும் பக்கத்து வயல் அண்ணை அடித்தார். நானும் மெசினை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். இளம் பயிர் இழந்த இலையை மறுபடி எழுப்பிக்கொள்ளும், விதைத்து 40 நாள் வரை இலை தின்னும் புழுவுக்கு அடிக்கத் தேவையில்லை என்று விவசாயப் போதனாசிரியர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். ஆசியா முழுக்க நெல் ஆராய்ச்சிக்காரர் சொல்லும் கணக்கும் அதுதான். அந்த முதல் அடி மடிச்சுக்கட்டியைக் கொல்கிறதோ இல்லையோ, சிலந்தியைக் கொன்றுவிடும். பிறகு வருவது அறக்கொட்டியான். துண்டுப்பிரசுரத்தில் கபில நிறத் தத்தி என்று இருப்பது. அது பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும். மேலால் அடிக்கும் மருந்து அங்கே ஒழுங்காய்ப் போகாது. முட்டை இலை உறைக்குள் இருப்பதால் அதற்கும் ஒன்றும் ஆகாது. அதைத் தின்ன வேண்டிய சிலந்தியும், அதன் முட்டையைக் குத்திக் குடிக்கும் சிறிய பச்சைப் பூச்சியும் ஏற்கெனவே செத்தாயிற்று. கதிர் வரும் நேரம் அண்ணையின் வயலில் அடுப்பு வைத்தது போல வட்டம் வட்டமாய்க் கருகியது. என் வயலில் வரம்போரம் ஒரு பாய் அளவு கருகி அத்தோடு நின்றது.

நான் பார்க்கும் முறை இதுதான். கிழமைக்கு இரண்டு தரம், காலையில், வயலின் நடுவுக்குப் போய் ஒரு பிடி பயிரைச் சாய்த்து அடியில் தட்டுவேன். விழுகிறவை தண்ணீரில் மிதக்கும். தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணுவேன். பத்து இடத்தில் பார்த்தால் போதும். சிலந்தி ஒன்றிரண்டாவது எல்லா இடத்திலும் இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் பத்துத் தத்தி மட்டில் தின்றுவிடும். தத்தி மட்டும் கூடிக்கொண்டு போனால் இரண்டு நாள் தண்ணீரை வடிய விடுவேன். யூரியாவை ஒரேயடியாய்க் கொட்டாமல் பிரித்துப் போடுவதும் முக்கியம், பசேலென்று கொழுத்த பயிரில்தான் தத்தி குஞ்சும் குட்டியுமாய்ப் பெருகும்.

வரம்பில் எள்ளுத் தூவுவதை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். தீமை செய்யும் பூச்சிக்குள் வளரும் சின்னக் குளவிகளுக்குத் தேன் வேண்டும், நெல்லில் தேன் இல்லை. தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் வரம்பில் பூக்கும் பயிர் வைத்துப் பார்த்ததில் மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. அங்கே வைத்த பூக்களில் எள்ளும் ஒன்று. எங்கள் ஊரில் எள்ளுக்குப் பஞ்சமா? காலபோக மழைக்கு வரம்பு எள்ளில் பாதி அழுகிவிடுகிறது, அது உண்மை. நல்ல உயரமான வரம்பில் மட்டும் நிற்கிறது. மேட்டுக்காணியில் நாலு கொத்தமல்லியைப் பூக்க விடுகிறேன், தும்பையைப் பிடுங்குவதில்லை, பயற்றைக்கு ஓரமாய் இரண்டு வரி சோளம். சோளத்தில் வரும் அழுக்கணவன் பயற்றைக்கு ஏறாது. அதைத் தின்று வளரும் பொறிவண்டு ஏறும். ஒழுங்கைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு எருக்கலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமரத்து முசுறை, இலையை இணைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மாமி கோபிப்பார். வருடாவருடம் தென்னோலைச் சூள் கொளுத்தி முசுற்றுக் கூட்டை எரிப்பது அவர் பொறுப்பு. கறுத்தக்கொழும்பான் மாவில் பூவைத் தின்னும் புழுவையும் குத்தும் பூச்சியையும் முசுறு இழுத்துக்கொண்டு போவதைக் காட்டிக் காட்டித்தான் அதை நிறுத்தினேன். சீனாவில் தோடம்பழ மரங்களுக்கு முசுற்றுக் கூட்டைச் சந்தையில் வாங்கிக் கட்டுவார்கள் என்று 1,700 வருடத்துக்கு முந்திய எழுத்திலேயே இருக்கிறதாம். அதைக் கேட்ட உற்சாகத்தில், முசுறு உள்ள மரத்துக்கும் பக்கத்து விலாட்டு மாமரத்துக்கும் கயிறு கட்டிப் பாலம் போட்டேன். விலாட்டில் ஏற்கெனவே வேறு ஒரு கூட்டம் இருந்தது எனக்குத் தெரியாது. பின்னேரம் வரை கயிற்றில் யுத்தம். கீழே செத்த எறும்பைக் கூட்டி அள்ளலாம் போல இருந்தது. ஒரே கூட்டத்தின் மரங்களையும் வெறும் மரங்களையும்தான் கயிற்றால் இணைக்கலாம். எங்கேயோ ஒரு கூட்டை வெட்டிவந்து கட்டினாலும் உள்ளே ராணி இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். மாங்காய் ஆயும் நாளில் கைக்கும் காலுக்கும் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுங்கள், அப்படியும் நாலு கடி நிச்சயம். பயற்றையில் எறும்பை விரட்டுகிறாய், மாவில் எறும்பை வளர்க்கிறாய் என்று இவர் சிரிக்கிறார். முசுறும் சில கொப்புகளில் வெண்மூட்டுப் பூச்சியை (மாவுப்பூச்சி) மேய்க்கத்தான் செய்கிறது. அந்தக் கொப்பை மட்டும் வெட்டிவிடுகிறேன்.

இந்தியாவில் இருக்கும் என் தங்கை, அங்கே நன்மை செய்யும் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை விற்கிறார்கள், வரும்போது கொண்டுவரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உயிருள்ள பூச்சியை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அதில் நியாயமும் இருக்கிறது. பப்பாசியை அழித்த வெண்மூட்டுப் பூச்சி 2008இல் இப்படி எதனோடோ ஒட்டிக்கொண்டு வந்ததுதான். அதை அடக்கிய சின்னக் குளவியை அடுத்த வருடம் புவேர்ட்டோ றிக்கோவில் இருந்து எடுப்பித்தது விவசாயத் திணைக்களம். வேறு எதையும் தாக்காது என்று பார்த்துத்தான் விட்டார்கள். அது பையில் போட்டுக் கொண்டுவரும் காரியம் இல்லை.

மிளகாயில் நான் தோற்றேன், இன்னும் தோற்கிறேன். இலை சுருண்டதும் பயற்றையில் பொறுத்தது போலப் பொறுத்தேன். ஒரு மாதத்தில் பாதித் தோட்டம் போனது. பனிப்பூச்சி (இலைப்பேன்) உறிஞ்சுவதாலும் இலை சுருளும், வெண் ஈ கொண்டுவரும் வைரசாலும் சுருளும். வைரசுக்கு ஒரு ஈ குத்தினாலே போதும், மிச்ச ஈயை யார் தின்று என்ன? அதில் காத்திருப்பது மடத்தனம். நாற்றுமேடைக்கு வலை போடுகிறேன், சுருண்ட கன்றை அன்றைக்கே பிடுங்கி எரிக்கிறேன். கத்தரிக்காய்க்குள் இருக்கும் புழுவுக்கும் பொறிவண்டு ஒன்றும் செய்யாது. வாடிய குருத்தைக் கிழமைக்கு இரண்டு தரம் வெட்டி எடுப்பதுதான் வேலை. வேப்பங்கொட்டைக் கரைசலையும் முழுத் தோட்டத்துக்கும் அடிப்பதை விட்டுவிட்டேன். சவர்க்காரம் கலந்து வரிசை முழுக்க அடித்த ஒரு நாள், பொறிவண்டுப் புழு இலைக்கு இலை செத்துத் தொங்கியது. இப்போது தேவையான குருத்துக்கு மட்டும், பின்னேரத்தில்.

இந்தச் சிறுபோகத்துப் பயற்றையிலும் அழுக்கணவன் வந்துவிட்டது. பனையோலைப் பெட்டியோடு ஒழுங்கைக்குப் போனால், வீதி அகலிக்க வந்த மெசின் எருக்கலை எல்லாவற்றையும் வேரோடு வழித்துவிட்டுப் போயிருக்கிறது. குளக்கட்டு வரை நடந்து நாற்பது புழு கொண்டுவந்தேன். வரும்போது இரண்டு எருக்கலைத் தடியும் ஒடித்துவந்து வேலி மூலையில் ஊன்றியிருக்கிறேன். மாமி பார்த்துவிட்டு, “பிள்ளையாருக்கு மாலை கட்டவோ?” என்று கேட்டார். ஓம் மாமி என்றேன்.